ஆடலும் ஆட்டமும்

பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்த பெண் ஒருவர், பதினாறு வயதில் இந்திய அணிக்காகச் சதம் அடித்தார். பத்தொன்பது வயதில் உலகச் சாதனை படைத்தார். இருபத்திரண்டு வயதில் இந்திய அணியை உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்திற்கு அழைத்துச் சென்றார். அவர் மிதாலி ராஜ். அவருடைய விளையாட்டு வாழ்வின் தொடக்க ஆண்டுகளை இப்பாடம் விளக்குகிறது.

ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம்

மிதாலி ராஜ் 1982ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இராசத்தான் மாநிலத்தின் ஜோத்பூரில் பிறந்தார். தந்தையார் துரைராஜ் இந்திய விமானப்படையில் பணியாற்றியவர். தாயார் லீலா ராஜ். இருவரும் தமிழர். மிதாலிக்கு மூத்தவர் ஒரு சகோதரர். பின்னர் இக்குடும்பம் ஐதராபாத்தின் இரட்டை நகரமான செகந்திராபாத்தில் குடியேறியது. மிதாலி அங்கேயே வளர்ந்தார். அங்கேயே பள்ளிக் கல்வியும் பெற்றார்.

வீட்டிற்குள் தமிழ், தெருவில் தெலுங்கும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலம் என்று பல மொழிகளின் நடுவே வளர்வது வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. பல ஆண்டுகளுக்குப் பின், 2019ஆம் ஆண்டில், மிதாலிக்குத் தமிழ் தெரியாது என்று ஒருவர் சமூக ஊடகத்தில் குறை கூறினார். மிதாலி அதற்குத் தமிழிலேயே விடை எழுதினார். தமிழ் தம் தாய்மொழி என்றும், அதனை நன்றாகப் பேச வல்லவர் என்றும், தமிழராக வாழ்வதில் பெருமை கொள்வதாகவும் அவ்விடையில் குறிப்பிட்டார். எல்லாவற்றிற்கும் மேலாகத் தாம் இந்தியர் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொன்னார்.

ஆடலா, ஆட்டமா?

சிறுமியாக இருந்தபோது மிதாலியின் உள்ளத்தைக் கவர்ந்தது கிரிக்கெட் அன்று, பரதநாட்டியம். முறையாக நடனம் பயின்று மேடையேறி ஆடிய அவருக்கு நடனக் கலைஞராக வேண்டும் என்பதே விருப்பமாக இருந்தது.

கிரிக்கெட் அவர் வாழ்வில் நுழைந்த காரணம் வியப்பானது. மிதாலி காலையில் நெடுநேரம் உறங்கும் வழக்கம் உடையவர். படைவீரரான தந்தைக்கு அது பிடிக்கவில்லை. மகன் பயிற்சிக்குச் சென்று கொண்டிருந்த செகந்திராபாத் செயின்ட் ஜான்ஸ் கிரிக்கெட் பயிற்சிக் கூடத்திற்கு மகளையும் விடியற்காலையில் அழைத்துச் சென்றார். மகள் வைகறையில் எழ வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அப்போது மிதாலிக்கு வயது ஏறத்தாழப் பத்து.

எல்லைக் கோட்டின் அருகே அமர்ந்திருந்த சிறுமிக்கு மட்டை ஒன்று கொடுக்கப்பட்டது. அவர் பந்தை எதிர்கொண்ட முறையைப் பயிற்சியாளர் ஜோதி பிரசாத் கூர்ந்து நோக்கினார். ‘இச்சிறுமிக்குத் தனித்திறன் இருக்கிறது, பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் சம்பத்குமாரிடம் சேர்த்து விடுங்கள்’ என்னும் கருத்தில் தந்தைக்கு அறிவுரை கூறினார். மிதாலி அவ்வாறே சம்பத்குமாரின் மாணவி ஆனார்.

சில ஆண்டுகள் நடனமும் கிரிக்கெட்டும் இணைந்தே நடந்தன. பயிற்சி நேரம் பெருகப் பெருக இரண்டிற்கும் ஈடு கொடுக்க இயலவில்லை. ஒன்றை விட்டே தீர வேண்டும் என்ற நிலை வந்தது. பெண்பிள்ளை வெயிலில் நின்று பந்தாடுவதைக் குடும்பத்தின் மூத்தோர் விரும்பவில்லை. நடனத்தில் புகழும் மதிப்பும் உறுதி. பெண்கள் கிரிக்கெட்டில் எதுவும் உறுதி இல்லை. ஆயினும் தந்தையும் தாயும் மகளின் திறமையை நம்பினர். மிதாலி சலங்கையைக் கழற்றி வைத்து மட்டையைக் கையில் எடுத்தார்.

எனினும் கற்ற கலை வீண் போவதில்லை. பரதத்தின் அடிப்படை, முழங்காலை மடக்கி உடலைச் சமநிலையில் நிறுத்தும் அரைமண்டி நிலையும், தாளம் தவறாத அடவும் ஆகும். மட்டையாட்டத்தின் அடிப்படையும் சமநிலையும் காலசைவுமே. மிதாலியின் மட்டையாட்டத்தில் காணப்பட்ட நளினத்தைப் பார்த்தவர்கள் அவருடைய நடனப் பயிற்சியை நினைவுகூர்வது வழக்கமாயிற்று.

நடைக்கூடத்தில் ஒரு பயிற்சி

சம்பத்குமார் கண்டிப்பு மிக்க ஆசிரியர். காலையும் மாலையும் பல மணி நேரம் பயிற்சி நடந்தது. விழாக்களும் விடுமுறைகளும் பயிற்சிக்குத் தடையாகவில்லை. அவர் கையாண்ட முறைகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, பள்ளியின் குறுகிய நடைக்கூடத்தில் ஆடச் செய்தது. இரு பக்கமும் சுவர் இருக்கும் இடத்தில் மட்டையைக் குறுக்காக வீசினால் பந்து சுவரில் மோதும். நேராக ஆடினால் மட்டுமே பந்து தடையின்றி முன்னோக்கிச் செல்லும். இவ்வாறு ஆடி ஆடி, மட்டையை நேராகக் கொண்டு வரும் பழக்கம் கைகளில் ஊறிவிடும். திடலில் இரு தடுப்பாளர்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளியில் பந்தைச் செலுத்தும் திறமையும் இதனால் வளரும்.

இரண்டாவது, மட்டைக்குப் பதிலாக மெல்லிய குச்சியால் பந்தை அடிக்கச் செய்தது. கிரிக்கெட் மட்டையின் அகலம் அதிக அளவாக 10.8 சென்டிமீட்டர் இருக்கலாம். குச்சியின் தடிமனோ அதில் பாதிகூட இராது. குச்சியால் பந்தைச் சரியாகத் தொட வேண்டுமானால், பந்து கையிலிருந்து புறப்படும் நொடி முதல் கண் அதனை விட்டு அகலக் கூடாது. குச்சியால் அடிக்கப் பழகியவருக்கு மட்டை மிக அகலமானதாகத் தோன்றும்.

இப்பயிற்சிகளுக்குப் பெரும்பொருள் தேவைப்படவில்லை. பொறுமையும் இடைவிடா முயற்சியும் மட்டுமே தேவைப்பட்டன.

இரு இழப்புகள்

1997ஆம் ஆண்டு பெண்கள் உலகக் கோப்பைப் போட்டி இந்தியாவில் நடைபெற்றது. அதற்கான உத்தேசப் பட்டியலில் மிதாலியின் பெயர் இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது பதினான்கு. தம்மைவிடப் பத்து வயது மூத்தவர்களோடு ஒரே பட்டியலில் இடம்பெற்றது பெரும்பேறே. எனினும் இறுதி அணி அறிவிக்கப்பட்டபோது அதில் அவர் பெயர் இல்லை.

அதே ஆண்டில் மற்றோர் இழப்பும் நேர்ந்தது. ஆசிரியர் சம்பத்குமார் சாலை விபத்தில் உயிரிழந்தார். தம் மாணவி இந்தியாவுக்காக ஆடுவார் என்று உறுதியாக நம்பிய அவர், அந்நாளைக் காணாமலே மறைந்தார். வழிகாட்டியை இழந்த சிறுமி பயிற்சியை நிறுத்தவில்லை. ஏர் இந்தியா அணியில் பூர்ணிமா ராவ், அஞ்சும் சோப்ரா, அஞ்சு ஜெயின் போன்ற புகழ்பெற்ற வீராங்கனைகளோடு ஆடும் வாய்ப்பைப் பெற்றார். பின்னர் இரயில்வே அணியில் சேர்ந்தார்.

முதல் ஆட்டத்தில் முதல் சதம்

1999ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் இந்தியாவும் அயர்லாந்தும் ஒருநாள் ஆட்டத்தில் மோதின. இந்திய அணியின் தொடக்க ஆட்டக்காரர்களாக மிதாலி ராஜும் ரேஷ்மா காந்தியும் களமிறங்கினர். இருவருக்கும் அதுவே முதல் பன்னாட்டு ஆட்டம்.

ஐம்பது ஓவர்களும் முடிந்தபோது இருவரும் ஆட்டமிழக்காமல் நின்றனர். மிதாலி 114 ஓட்டங்களும் ரேஷ்மா 104 ஓட்டங்களும் எடுத்திருந்தனர். உதிரி ஓட்டங்களையும் சேர்த்து, விக்கெட் இழப்பின்றி இந்தியா பெற்றவை 258 ஓட்டங்கள். அயர்லாந்தால் 9 விக்கெட் இழப்பிற்கு 97 ஓட்டங்களே எடுக்க முடிந்தது. இந்தியா 161 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது.

அன்று மிதாலியின் வயது 16 ஆண்டுகள் 205 நாள்கள். பெண்கள் ஒருநாள் ஆட்டங்களில் மிக இளம் வயதில் சதமடித்தவர் என்ற சிறப்பு அவருக்கு உரியதாயிற்று. அச்சாதனை இருபத்திரண்டு ஆண்டுகள் நிலைத்தது. 2021ஆம் ஆண்டில் தம் பதினாறாம் பிறந்தநாளன்று சதமடித்த ஏமி ஹன்டர் அதனை முறியடித்தார். அவர் அயர்லாந்து நாட்டு வீராங்கனை என்பது சுவையான செய்தி.

இங்கே எண்ணிப் பார்க்கத் தக்க மற்றொரு செய்தியும் உண்டு. அதே நாளில், அதே ஆட்டத்தில் சதமடித்த ரேஷ்மா காந்தி, இந்தியாவுக்காக அதன்பின் ஆடியது இன்னும் ஒரே ஓர் ஒருநாள் ஆட்டம்தான். ஒரு சதம் கதவைத் திறக்கும். உள்ளே நிலைத்திருக்க அது மட்டும் போதாது. மிதாலிக்கும் பாதை எளிதாக அமையவில்லை. 2000ஆம் ஆண்டு இறுதியில் நியூசிலாந்தில் நடைபெற்ற உலகக் கோப்பையின்போது அவரைக் குடற்காய்ச்சல் தாக்கியது. உடல்நலம் குன்றிய நிலையில் தாய்நாட்டிற்காக முழுமையாக ஆட முடியாத வருத்தம் அவருக்கு ஏற்பட்டது.

சுழியமும் இருநூற்றுப் பதினான்கும்

கிரிக்கெட்டில் ஒருநாள் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் என்னும் வகைகள் உண்டு. ஒருநாள் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பவை 50 ஓவர்கள், அதாவது 300 பந்துகள். டெஸ்ட் ஆட்டம் பல நாள்கள் நீடிப்பது. பந்துகளுக்கு வரம்பு இல்லை. மனவுறுதியையும் உடல்வலிமையையும் ஒருங்கே சோதிப்பது.

2002ஆம் ஆண்டு சனவரியில் இலக்னோவில் இங்கிலாந்துக்கு எதிராக மிதாலி தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் களமிறங்கினார். ஓட்டம் எதுவும் எடுக்காமலே ஆட்டமிழந்தார். ஒருநாள் ஆட்டத்தின் முதல் நாளில் சதமடித்தவருக்கு டெஸ்ட் ஆட்டத்தின் முதல் நாளில் கிடைத்தது சுழியம்.

ஏழு மாதங்கள் கழிந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் டான்டன் நகரில் அதே இங்கிலாந்து அணியை இந்தியா எதிர்கொண்டது. மிதாலிக்கு அது மூன்றாவது டெஸ்ட். 407 பந்துகளைச் சந்தித்து அவர் 214 ஓட்டங்கள் குவித்தார். ஒருநாள் ஆட்டத்தில் ஓர் அணி முழுமைக்கும் கிடைக்கும் பந்துகளைக் காட்டிலும் நூறு பந்துகள் மிகுதியாக அவர் ஒருவரே எதிர்கொண்டார் என்றால், அவருடைய பொறுமையின் அளவு புலப்படும். நடைக்கூடத்தில் நேராக ஆடிப் பழகிய பழக்கம் அன்று பயன் தந்தது.

அதுவரை பெண்கள் டெஸ்ட் ஆட்டத்தில் தனியொருவர் எடுத்த மிகுதியான ஓட்டங்கள் 209. ஆஸ்திரேலியாவின் கேரன் ரோல்டன் ஆட்டமிழக்காமல் எடுத்தவை அவை. மிதாலி அதனை ஐந்து ஓட்டங்களால் முந்தினார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆனால் பத்தொன்பது வயது இந்தியப் பெண்ணின் பெயர் உலகச் சாதனைப் பட்டியலின் முதலிடத்தில் பொறிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் கிரண் பலூச் 242 ஓட்டங்கள் எடுத்து அச்சாதனையைக் கடந்தார்.

இந்தியப் பெண்களில் டெஸ்ட் ஆட்டத்தில் இரட்டைச் சதம் அடித்த முதல்வர் மிதாலியே. இரண்டாமவர் வருவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 2024ஆம் ஆண்டில் சென்னை சேப்பாக்கம் திடலில் ஷெபாலி வர்மா 205 ஓட்டங்கள் எடுத்தார்.

இரயில் பயணமும் இரயில்வே பணியும்

இன்று கிரிக்கெட் வீரர் என்றவுடன் விமானப் பயணமும் விடுதி வாழ்வும் விளம்பரமும் நினைவிற்கு வருகின்றன. மிதாலி ஆடத் தொடங்கிய நாள்களில் பெண்களுக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

அந்நாளில் இந்தியாவில் பெண்கள் கிரிக்கெட்டை நடத்தியது 1973ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம். ஆண்கள் கிரிக்கெட்டை நடத்திய வாரியம் வேறு. அதன் செல்வம் இச்சங்கத்திற்கு இல்லை. எனவே வீராங்கனைகள் மட்டையும் பையும் சுமந்துகொண்டு இரயிலின் பொதுப்பெட்டியில் இடம்பிடித்து நெடுந்தொலைவு சென்றனர். ஆட்டங்கள் தொலைக்காட்சியில் அரிதாகவே ஒளிபரப்பாயின. 2005ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆட்டம் ஒன்றுக்குத் தங்களுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாக மிதாலி பின்னாளில் கூறியுள்ளார்.

இத்தகைய சூழலில் வீராங்கனைகளுக்கு ஊன்றுகோலாக நின்றது இரயில்வே துறை. விளையாட்டுத் திறமை உடையோருக்கு அத்துறை வேலை வழங்கியது. மாதந்தோறும் ஊதியம் கிடைத்தது. பயிற்சிக்கு நேரமும் கிடைத்தது. இதனால் இந்திய அணியின் வீராங்கனைகள் பலர் இரயில்வே அணியிலிருந்தே வந்தனர். மிதாலியும் இரயில்வே ஊழியராக இருந்துகொண்டே நாட்டிற்காக ஆடினார். 2003ஆம் ஆண்டிற்கான அர்ச்சுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இருபத்திரண்டு வயதில் தலைமை

2005ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றபோது இந்திய அணியின் தலைவர் மிதாலி. வயதிலும் பட்டறிவிலும் தம்மைவிட மூத்தவர்களை வழிநடத்தும் பொறுப்பு அவர் தோளில் அமர்ந்தது.

அரையிறுதியில் இந்தியா நியூசிலாந்தைச் சந்தித்தது. மிதாலி ஆட்டமிழக்காமல் 91 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா 40 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்று, உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்திற்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது.

ஏப்ரல் 10ஆம் நாள் செஞ்சூரியன் நகரில் இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியா 4 விக்கெட் இழப்பிற்கு 215 ஓட்டங்கள் எடுத்தது. கேரன் ரோல்டன் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் குவித்தார். டான்டனில் மிதாலி எவருடைய சாதனையைக் கடந்தாரோ, அவரே அன்று இந்தியாவின் வெற்றிக்குக் குறுக்கே நின்றார். இந்தியா 117 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து 98 ஓட்டங்கள் வேறுபாட்டில் தோற்றது.

தோல்வியைக் கண்டு அணி துவண்டுவிடவில்லை. 2006ஆம் ஆண்டு மிதாலியின் தலைமையில் அதே டான்டன் நகரில் இங்கிலாந்தை டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியா வென்றது. இங்கிலாந்து மண்ணில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. அதே ஆண்டில் பெண்கள் கிரிக்கெட், இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பில் வந்தது. பயணம், தங்குமிடம், பயிற்சி வசதி ஆகியவை படிப்படியாக உயர்ந்தன. 2022ஆம் ஆண்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஒருநாள் ஆட்டத்திற்கு அது ஆறு இலட்சம் ரூபாய்.

அவ்வறிவிப்பு வெளியானபோது மிதாலி ஓய்வு பெற்றிருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம், 232 ஒருநாள் ஆட்டங்களில் 7,805 ஓட்டங்கள் எடுத்திருந்த நிலையில், பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து அவர் விடைபெற்றார்.

2025ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கவுர் தலைமையிலான இந்திய அணி, தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. செஞ்சூரியனில் தவறவிட்ட கோப்பை இருபது ஆண்டுகளுக்குப் பின் நாட்டை வந்தடைந்தது. பொதுப்பெட்டியில் பயணம் செய்து, ஆயிரம் ரூபாய்க்கு ஆடிய தலைமுறை விதைத்த விதையின் விளைச்சல் அது. அத்தலைமுறையின் முன்வரிசையில் நின்றவர், விடியற்காலையில் எழ மனமின்றித் தந்தையின் பின்னே திடலுக்குச் சென்ற அந்தச் சிறுமி.

அருஞ்சொற்பொருள்

வைகறை – விடியற்காலை
அடவு – நடனத்தில் கால், கை அசைவுகளின் ஒழுங்கு
நடைக்கூடம் – இருபுறமும் சுவர் உடைய நீண்ட வழி
உத்தேசப் பட்டியல் – இறுதி முடிவுக்கு முன் வகுக்கும் பட்டியல்
சுழியம் – பூச்சியம்
பட்டறிவு – அனுபவம்
ஊன்றுகோல் – தாங்கி நிற்கும் துணை

விடை எழுதுக

1. மிதாலியைத் தந்தை கிரிக்கெட் திடலுக்கு அழைத்துச் சென்றது ஏன்?
2. குறுகிய நடைக்கூடத்தில் ஆடுவதால் விளையும் பயன் யாது?
3. மிதாலியின் முதல் ஒருநாள் ஆட்டத்தையும் முதல் டெஸ்ட் ஆட்டத்தையும் ஒப்பிடுக.
4. வீராங்கனைகளுக்கு இரயில்வே துறை எவ்வாறு துணைநின்றது?
5. ‘ஒரு சதம் கதவைத் திறக்கும், உள்ளே நிலைத்திருக்க அது மட்டும் போதாது’ – இத்தொடரைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

செயல்பாடு

உன் பெற்றோரும் பாட்டி தாத்தாவும் சிறுவயதில் சொந்த ஊரில் ஆடிய விளையாட்டுகளை அவர்களிடம் கேட்டு அறிக. அவற்றுள் ஒன்றன் பெயர், ஆடும் முறை, தேவையான பொருள்கள் ஆகியவற்றைத் தமிழில் பத்து வரிகளில் எழுதுக.